பெட்டியோடு குதித்த மாப்பிள்ளை

ஆபத்து என்று வந்தால் நான் முதலில் எதைக் காப்பாற்றுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பல பேர் இதைத் தெரிந்துகொள்ளாமலே ஆயுளை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு நாற்பத்தோரு வயதிலேயே தெரிந்துவிட்டது. நான் காப்பாற்றுவது கட்டிய மனைவியை அல்ல. மச்சானை அல்ல. பன்னிரண்டு கிலோ இரும்பை. அதுவும் கடலில் குதிக்கும்போது.

நான் ஆலங்குடிக்காரன். தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பது தொழில். சுற்றுவட்டாரத்தில் தென்னையும் நிலக்கடலையும் பச்சையாக நிற்பதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அடிக்கடி சொல்வேன் (வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது). கடை வாசலில் ஒரு போர்டு: "ஒரு சொட்டு ஒழுகாது." கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் பெயின்டர் தன் பொறுப்பில் "கேரண்டி" என்று சேர்த்துவிட்டார்.

அந்தப் போர்டு சும்மா வைத்ததல்ல. பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் தண்ணீரைத் தடுக்கும் சீலில் ஒரே ஒரு சொட்டு கசிந்தால் போதும். அது சுழலும் தண்டு வழியாக ஊர்ந்து போய், பேரிங்கைத் தின்று, காயிலைக் கருக்கி, விவசாயியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஆகவே சொட்டு என்றால் எனக்கு எதிரி. இருபது வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

மனைவி செல்வி கடற்கரைக்காரி. மணமேல்குடிக்குத் தெற்கே அவள் ஊர். கல்யாணமான முதல் வாரம் மாமனார் வீட்டு விசைப்படகில் என்னை ஏற்றினார்கள். படகு இன்னும் கரையில் கட்டித்தான் கிடந்தது. அதற்குள் நான் வாந்தி எடுத்துவிட்டேன். அன்று முதல் அந்த ஊரில் எனக்கு "மேட்டு மாப்பிள்ளை" என்று பெயர் (மேடு என்றால் அவர்களுக்குக் கடல் எட்டாத உள்நாடு). பார்த்தால் மரியாதைப் பட்டம்போல இருக்கும். சொல்லும்போது அவர்கள் வாய் போகும் கோணத்தைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இந்தப் பெயரை ஒரு நாளாவது மாற்றிவிட வேண்டும் என்பது என் பதினைந்து வருட வேட்கை.

வாய்ப்பு, தடைக்காலத்தில் வந்தது. மீன்கள் குஞ்சு பொரிப்பதற்காக வருடத்தில் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாப் படகுகளையும் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். செல்வியின் அண்ணன் பாண்டி மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, போட்டு ஓடுறப்ப ஒதறுது. என்ஜின் மூடி மேல டீ கிளாஸ வச்சா, அது பாட்டுக்கு நடந்து போயி கீழ விழுகுது."

"எத்தனை கிளாஸ் போச்சு மச்சான்?"

"ஒரு செட்டு. சாப்ட் பேரிங் தேஞ்சு போச்சு. கபீர் பாய்க்குச் சொல்லியிருக்கேன். அவருக்கு முன்னாடி நாப்பது போட்டு நிக்கிது. தடை முடியுறதுக்குள்ள வந்துருவாரான்னு தெரியல."

கபீர் பாய் அந்தக் கடற்கரைக்கே ஃபிட்டர். தடை முடியும் நாளில் எல்லாப் படகுகளும் ஒன்றாகப் புறப்படும். இரண்டு மாதம் வலை படாத கடல். அன்றைக்குப் போகிறவனுக்குத்தான் மீன். அன்றைக்குக் கரையில் நிற்கும் படகை அந்த வருடம் முழுவதும் கைகாட்டிப் பேசுவார்கள். மச்சான் படகை நம்பி அவர் வீட்டைத் தவிர இன்னும் நான்கு வீடுகள் இருந்தன.

"பேரிங்தானே மச்சான்? நான் வாரேன்" என்றேன்.

பக்கத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த செல்வி கையை நிறுத்தினாள். "நீங்க எங்கிட்டு வாரீங்க?"

"போட்டு வேலைக்கு."

"அது தண்ணிக்குள்ள இருக்குமுங்க."

"நான் மட்டும் என்ன காத்துக்குள்ளயா மோட்டார் மாட்டுறேன்?"

அவள் மறுபடியும் கடலை உடைக்க ஆரம்பித்தாள். பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது: அவள் பதில் சொல்லாமல் கடலை உடைத்தால், பதில் பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். என்ஜினிலிருந்து ஒரு நீளமான இரும்புத் தண்டு, அதுதான் சாப்ட், படகின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்ப் பின்னால் உள்ள விசிறியைச் சுற்றுகிறது. அது போகும் குழாய்க்குள் முன்னும் பின்னும் இரண்டு பேரிங்குகள். வெளியே பித்தளை, உள்ளே வரி வரியாக ரப்பர். எண்ணெய் கிடையாது, கிரீஸ் கிடையாது. அந்த வரிகளுக்குள் புகுந்து வரும் கடல் தண்ணீர்தான் எண்ணெய். குழாய் வழியாகக் கடல் படகுக்குள் வந்துவிடாமல் இருக்க, என்ஜின் பக்கத்து முனையில் கிளாண்டு. சாப்டைச் சுற்றிக் கயிறு திணித்து, மேலே ஒரு தகட்டை வைத்து, இரண்டு நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

சொல்லிக்கொள்வதற்கென்ன, முதல் பாதி வேலையை நான் பிரமாதமாகவே செய்தேன். விசிறியைக் கழற்ற மூன்று நாள். சாப்டை உருவ ஒரு நாள். பழைய பேரிங்கை வெளியே எடுத்துப் பார்த்தால், ரப்பர் வரிகள் எங்கள் ஊர் டவுன் பஸ் டயர்போல மொழுக்கென்று இருந்தன. புதுப் பேரிங் குழாய்க்குள் போக மறுத்தது. சுத்தியலை எடுத்தார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஐஸ் கொண்டுட்டு வாங்க" என்றேன்.

கடற்கரையில் ஐஸுக்கா பஞ்சம்? மீன் பெட்டி நிறைய வந்தது. பேரிங்குகளை அதில் புதைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உப்பும் தூவினேன் (உப்பு எதற்கு என்று கேட்டார்கள், ரகசியம் என்றேன்). பாதி நாள் கழித்து எடுத்தால் பித்தளை குளிரில் மயிரிழை சுருங்கியிருந்தது. குழாயில் வைத்து உள்ளங்கையால் தள்ளினேன். வெண்ணெயில் விரல் போவதுபோல உள்ளே போனது.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்தோடு நான் பஸ் ஏறி ஆலங்குடிக்கு வந்திருந்தால், இந்தக் கட்டுரையை மச்சான் எழுதியிருப்பார். தலைப்பும் வேறாக இருந்திருக்கும்.

நான் பஸ் ஏறவில்லை. மாறாக, படகிலிருந்த துருப்பிடித்த ஸ்பேனர் சாமான் மூட்டையைப் பார்த்து, "என்ன மச்சான் இது, பழைய இரும்புக் கடையா? எல்லாத்தையும் வீட்டுல கொண்டுபோய்ப் போடுங்க. என் பன்னிரண்டு கிலோ டூல்ஸ் பெட்டி இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்று கரைக்கு அனுப்பிவிட்டேன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். என் மாமனார் வீட்டில் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்.

சாப்டையும் விசிறியையும் திரும்ப மாட்டி, கிளாண்டில் புதுக் கயிறு திணித்தேன். தடை முடிய ஒரு நாள் இருக்கும்போது படகு தண்ணீரில் இறங்கியது. நான் என்ஜின் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். கிளாண்டு ஓரத்தில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு கீழே விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஸ்பேனரை எடுத்து ஒரு சுற்று இறுக்கினேன்.

மேலே இருந்து செல்வி எட்டிப் பார்த்தாள். சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் அவள் அப்பாவுக்கு இதே குழிக்குள் டார்ச் அடித்து நின்றவள். "ஏங்க, அத ரொம்ப முறுக்காதீங்க. கொஞ்சம் சொட்டணும்."

"நம்ம போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"அது ஆலங்குடிக்கு எழுதுனதுங்க. இது கடலு."

அப்போது பார்த்து கபீர் பாய் போன். "மாப்பிள்ளை, ஐஸு வச்சு ஏத்துனீங்களாமே? பேஷ். ஒண்ணே ஒண்ணு, கிளாண்ட மட்டும்..."

"பாய், கிளாண்டு சீலெல்லாம் என் கையில வந்து சலாம் போடும். நீங்க கவலப்படாம உங்க நாப்பது போட்டப் பாருங்க" என்று போனை வைத்துவிட்டு, இன்னும் இரண்டு சுற்று இறுக்கினேன். சொட்டு நின்றது. வேஸ்ட் துணியால் துடைத்து, காய்ந்த துணியை மச்சானிடம் தூக்கிக் காட்டினேன். மச்சானுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும். ஆனால் ஐஸ் வைத்து அற்புதம் செய்தவனை எப்படிக் கேள்வி கேட்பது?

மதியத்துக்கு மேல் பூஜை. எலுமிச்சம்பழம், சூடம், பூமாலை. அன்று ஒரு நாள் மட்டும் வீட்டுப் பெண்களும் படகில் ஏறி ஒரு சுற்று போய் வருவது வழக்கம். செல்வி, மச்சானின் மனைவி ராணி அக்கா, நான்கு தொழிலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று படகு நிறைந்தது. மச்சான் ஓட்டினார். ராணி அக்கா டீ நிறைந்த கிளாஸ் ஒன்றை என்ஜின் மூடிமேல் வைத்து, போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

கிளாஸ் நடக்கவில்லை. டீயில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"தம்பி, கிளாஸு செல கணக்கா நிக்கிது!" என்றார் ராணி அக்கா.

"மேட்டு மாப்பிள்ளை கெட்டிக்காரருதான்யா" என்றார் ஒரு தொழிலாளி. வாய் கோணவில்லை! பதினைந்து வருடத்தில் முதல்முறையாக நேராக இருந்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு, கேட்காததுபோல நின்றேன்.

கருகல் வாசம் வந்தபோது சூடம் என்று நினைத்தேன். புகை வந்தபோது சாம்பிராணி என்று நினைத்தேன். சாம்பிராணி போடவே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

குழிக்குள் இறங்கினேன். தண்ணீரே கிடைக்காத கிளாண்டுக் கயிறு, சுற்றும் சாப்டில் உரசி உரசிக் கனன்றுகொண்டிருந்தது. அந்த இடத்தில் மூளை உள்ள மனிதன் "மச்சான், என்ஜின நிறுத்துங்க" என்று ஒரு குரல் கொடுப்பான். நான் ஸ்பேனரை எடுத்தேன். இறுக்கியதுதானே தப்பு? தளர்த்தினால் சரியாகிவிடும். அவசரத்தில் எவ்வளவு தளர்த்துவது என்று கணக்குத் தெரியவில்லை. இரண்டு நட்டும் கையோடு வந்துவிட்டன. தகடு பின்னால் நழுவியது. கருகிய கயிறு ஒரு துண்டு என் நெற்றியில் வந்து அடித்தது. அதன் பின்னாலேயே வங்கக் கடல்.

இப்போது சொல்கிறேன், அது தோட்டத்து ஹோஸ் பைப் அளவுத் தண்ணீர்தான். படகு முழுக அரை நாளாவது ஆகியிருக்கும். ஆனால் முகத்தில் படும் தண்ணீரை யாரும் அளந்து பார்ப்பதில்லை. நட்டுகளை அங்கேயே போட்டுவிட்டு, ஸ்பேனரைப் பெட்டிக்குள் எறிந்து, பெட்டியைப் பூட்டி (ஆமாம், பூட்டினேன்), அதை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஓடிவந்தேன்.

"போட்டு முழுகுது! எல்லாரும் குதிங்க!"

யாரும் குதிக்கவில்லை. யாராவது முன்மாதிரியாக இருக்க வேண்டும் அல்லவா? நான் இருந்தேன்.

தலைக்கு மேல் தண்ணீர். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கால் எதிலோ புதைந்தது. கடல் என்னை இழுக்கிறது என்று புரிந்தது. வாய் வெளியே வந்த நொடியில், "விராலிமல முருகா! மொட்ட போடுறேன்! காப்பாத்து!" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். இந்தமுறை குடும்பத்தோடு மொட்டை என்று ஏற்றிச் சொன்னேன்.

"ஏங்க" என்று ஒரு குரல். முருகன் குரல் இல்லை.

கண்ணைத் திறந்தேன். படகு ஓரத்தில் வரிசையாகத் தலைகள். நடுவில் ராணி அக்காவின் போன். அதன் பக்கத்தில் செல்வி.

"நின்னுக்கிட்டே முழுகுறீங்களா?"

குனிந்து பார்த்தேன். தண்ணீர் நெஞ்சளவு இருந்தது. எங்கள் பக்கத்துக் கடல் அப்படித்தான், எவ்வளவு தூரம் போனாலும் சட்டைப் பை நனைவதோடு சரி. கால் சேற்றில் முழங்கால் வரை புதைந்திருந்தது. பெட்டி என் மார்பில், கைக்குழந்தைபோல.

மச்சான் அதற்குள் என்ஜினை நிறுத்தியிருந்தார். செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். மச்சானின் துண்டை வாங்கி ஓட்டையில் திணித்தாள். பிறகு அவள் குரல் கேட்டது: "நட்டு ரெண்டும் இங்கிட்டுத்தான் கெடக்கு. அண்ணே, ஸ்பேனரக் குடு!"

மச்சான் சுற்றிலும் பார்த்தார். படகின் பழைய சாமான்கள் வீட்டில் இருந்தன. அவற்றை அனுப்பியது யார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மெதுவாக எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என் பக்கம் என்றால், என் மார்பின் பக்கம்.

"மாப்ளே" என்றார் மச்சான். கோபமே இல்லாத குரல். அதுதான் என்னவோ செய்தது. "நாளைக்கு விடிய எல்லாப் போட்டும் போகும் மாப்ளே."

அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாதமாக ஒரு தேதியையே பார்த்துக்கொண்டிருந்த முகம். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினேன்.

நான் ஓர் அடி வைத்தால் படகு இரண்டு அடி போனது. கச்சான் காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்டார்கள், அது சேற்றில் பிடிக்கும்வரை படகு போய்க்கொண்டே இருந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கடலுக்குள் ஒரு படகைத் துரத்திப் போனவன் அந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"வாங்க தம்பி, வாங்க! இன்னும் கொஞ்சந்தான்!" என்று ராணி அக்கா உற்சாகப்படுத்தினார். போனை மட்டும் இறக்கவில்லை.

ஒருவழியாகப் படகின் ஓரத்தில் தொங்கிய டயரைப் பிடித்தேன். நான்கு கைகள் நீண்டன. நான் என் கையைக் கொடுத்தேன்.

"அவர அப்பறம் ஏத்திக்கலாம்" என்று குழிக்குள்ளிருந்து செல்வி சொன்னாள். "பெட்டிய மொதல்ல ஏத்துங்க."

ஏற்றினார்கள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு என்னால் யாருக்கும் உபயோகமில்லை என்பதால், டயரைப் பிடித்துக்கொண்டு கடலில் நின்றேன். சின்ன மீன்கள் வந்து காலைக் கடித்துப் பார்த்தன. (தடைக்காலம், அவற்றுக்கு இன்னும் ஒரு நாள் தைரியம் இருந்தது.)

மேலே நடந்ததையெல்லாம் நான் காதால்தான் தெரிந்துகொண்டேன். மீதிக் கயிறும் என் பெட்டிக்குள்தான் இருந்தது. செல்வி அதை வெட்டி, சாப்டைச் சுற்றித் திணித்து, நட்டை முதலில் விரலால் முறுக்கினாள். பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. சாப்டில் சூட்டினால் ஒரு நீல வளையம் விழுந்திருந்தது. கையால் தடவிப் பார்த்து, "கீறல் இல்ல, தப்பிச்சுது" என்றார் மச்சான். என்ஜின் உறுமியது. நான் டயரை இன்னும் இறுகப் பிடித்தேன்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேரும் குழியைச் சுற்றிக் குனிந்திருக்க வேண்டும். ஆலங்குடியில் மழைக்காகக்கூட அப்படி யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"விழுந்துச்சு!" என்றார் ராணி அக்கா.

"ஒண்ணு" என்றாள் செல்வி. நீண்ட இடைவெளி. "ரெண்டு."

"கை வச்சுப் பாரு, சூடு இருக்கா?"

"இல்லண்ணே. மூணு."

மேலே கூச்சல், குலவை. நானும் கடலில் நின்றபடி ஒரு கையால் கைதட்டினேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரு சொட்டுக்காக நான் கைதட்டியது அது ஒன்றுதான்.

மறுநாள் விடியற்காலையில் மச்சான் படகு மற்றப் படகுகளோடு போனது. வரிசையில் மூன்றாவதாகப் போனது என்று செல்வி சொன்னாள். நான் பார்க்கவில்லை, போர்வைக்குள் இருந்தேன். அடுத்த வாரம் விராலிமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். "குடும்பத்தோட" என்று நான் ஏற்றிச் சொன்ன பகுதியைச் செல்வி ஒப்புக்கொள்ளவில்லை. "குதிக்கிறப்ப குடும்பம் ஞாபகத்துல இருந்துச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் கடலை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ராணி அக்காவின் வீடியோ பதினேழு நொடி. அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஒவ்வொரு வருடமும் தடை முடியும் முந்தின நாள் தவறாமல் வரும். எங்கள் வீட்டு அடுப்படிக் குழாய் இரண்டு வருடமாக ஒழுகுகிறது. அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

போன வருடம் அந்த ஊரில் யாரோ ஒருவருடைய புதுப் படகுக்குப் பூஜை. நானும் செல்வியும் போயிருந்தோம். பழக்க தோஷத்தில் என்ஜின் குழியை எட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்பேனர், நாய்க்குப் போடும் சங்கிலியால் என்ஜின் மேடையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஃபிட்டர் ஒருவர் அங்கே நின்றார். என்னை அவருக்குத் தெரியாது.

"இது எதுக்குங்க சங்கிலி?" என்றேன்.

"இதுதான் சார் மாப்பிள்ளை ஸ்பேனரு. முன்ன ஒரு மேட்டு மாப்பிள்ளை, பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கடல்ல குதிச்சுட்டாராம். அதுலேர்ந்து இந்த ஊருல எந்த போட்டா இருந்தாலும் ஒரு ஸ்பேனரக் கட்டிப் போட்டுருவாங்க."

"அடப்பாவமே. அப்புறம் அவரு என்ன ஆனாரு?"

ஃபிட்டர் குரலைத் தாழ்த்தினார். "போயிட்டாரு சார். பெட்டி கனம் இழுத்துக்கிட்டுப் போயிருச்சாம். ஆனா ஒண்ணு சார், கடைசிவரைக்கும் பெட்டிய விடலையாம். தொழில் மேல அம்புட்டு பக்தி."

என்னைப் பற்றி அந்தக் கடற்கரையில் ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. அதற்காகச் செத்துப்போயிருக்கவும் நான் தயார். "பெரிய மனுஷன்" என்றேன், தலையை ஆட்டிக்கொண்டு.

பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த செல்வி கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்தாள்.